வேண்டுவதை ஆக்கிக்கொள்ளுதல்: தெரிவு, குறிக்கோள், விருப்பம் பற்றி இருத்தலியல்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம். மேடையில் இடையிடையே தந்த விளக்கங்கள் சில இங்கே சுருக்கப்பட்டுள்ளன.)



இருத்தலியல் தமிழுக்குப் பெரும்பாலும் இலக்கியத்தின் வழியாக வந்து சேர்ந்தது. 1970களில் சிற்றிதழ்கள் அதைப் பேசின. எஸ்.வி. ராஜதுரை அதற்கு ஓர் அறிமுக நூல் எழுதினார். ஆல்பெர் காம்யுவின் ‘அந்நியன்’ வெ. ஸ்ரீராமின் மொழிபெயர்ப்பில் நமக்குக் கிடைத்தது. இப்படி வந்ததாலோ என்னவோ, இருத்தலியல் என்றதும் அந்நியமாதல், அபத்தம், விரக்தி ஆகியவையே நம் நினைவில் முந்திக்கொண்டு நிற்கின்றன. ஆனால் இருத்தலியல் சிந்தனையாளர்களின் நூல்களைத் திறந்து வாசித்தால், பக்கம் பக்கமாக அவர்கள் ஆராய்வது செயலை. மனிதர் எப்படித் தெரிவு செய்கிறார்? குறிக்கோள் எங்கிருந்து வருகிறது? ஒன்றை ‘வேண்டும்’ என்று சொல்லும்போது உண்மையில் நாம் என்ன சொல்கிறோம்? இன்றைய என் உரை இந்த மூன்று கேள்விகளுக்குள் நிற்கும்.

நாம் பழகிப்போன ஒரு வரிசை இருக்கிறது. விருப்பம் முதலிலேயே உள்ளத்தில் இருக்கிறது. அதை அறிந்துகொண்டால் குறிக்கோள் தெளிவாகும். குறிக்கோள் தெளிவானால் தெரிவு எளிதாகும். இருத்தலியலாளர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கினார்கள். தெரிவுதான் முதலில். அதன் வெளிச்சத்தில்தான் குறிக்கோள் தெரிகிறது. அந்தக் குறிக்கோளைச் செயலால் தாங்கி நிற்கும்போதுதான் விருப்பம் உருக்கொள்கிறது. இதுவே நான் முன்வைக்கும் கருத்து. இதை ஆறு பகுதிகளாக விளக்க முயல்கிறேன்.

1. விருப்பம் உள்ளே தயாராகக் காத்திருப்பதில்லை

1945 அக்டோபர் 29 அன்று பாரிஸில் பிரெஞ்சு இருத்தலியலாளர் ழான்-போல் சார்த்தர் ஒரு பொதுச் சொற்பொழிவு ஆற்றினார். உலகப் போர் முடிந்து சில மாதங்களே ஆகியிருந்தன. மறு ஆண்டு சிறு நூலாக வெளிவந்த அந்தப் பேச்சில், தம்மிடம் யோசனை கேட்டு வந்த ஒரு மாணவரைப் பற்றி அவர் சொல்கிறார்.

பிரான்ஸ் ஜெர்மானியரின் ஆக்கிரமிப்பில் இருந்த காலம் அது. அந்த இளைஞரின் அண்ணன் 1940ஆம் ஆண்டுத் தாக்குதலில் உயிரிழந்துவிட்டார். தந்தைக்கும் தாய்க்கும் பிணக்கு. தந்தை ஆக்கிரமிப்பாளருடன் ஒத்துப்போகும் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தார். மூத்த மகனைப் பறிகொடுத்த தாய்க்கு எஞ்சிய ஒரே ஆறுதல் இளைய மகன். அவர்முன் இரண்டு வழிகள் இருந்தன. இங்கிலாந்துக்குச் சென்று சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேரலாம். அல்லது தாயுடன் தங்கி அவரை வாழவைக்கலாம். முதல் வழி ஒரு நாட்டுக்கானது, ஆனால் நிச்சயமற்றது. போகும் வழியில் ஸ்பெயின் முகாம் ஒன்றில் அவர் அடைபட்டுக் கிடக்கக்கூடும். இரண்டாவது வழியின் பயன் நிச்சயமானது, ஆனால் ஒரே ஒருவருக்கானது.

எந்த அறநூல் அவருக்கு விடை சொல்லும்? அயலாரிடம் அன்பு செலுத்து என்கிறது கிறித்தவம். இங்கே அயலார் யார், தாயா, போராடும் தோழர்களா? மனிதரை வெறும் கருவியாக நடத்தாதே என்கிறார் கான்ட். தாயுடன் தங்கினால் தனக்காகவும் போராடுபவர்களைக் கருவியாக்கியதாகும். போராடச் சென்றால் தாயைக் கருவியாக்கியதாகும். கடைசியில் அந்த மாணவர், எந்த உணர்வு வலுவானதோ அதன்படி நடக்கிறேன் என்ற முடிவுக்கு வந்தார். சார்த்தர் அங்கேதான் அவரை நிறுத்துகிறார். தாயிடம் உள்ள அன்பு எவ்வளவு வலுவானது என்பதை எதைக்கொண்டு அளப்பது? தாயுடன் தங்கிவிட்ட பிறகுதானே, தங்கும் அளவுக்கு அன்பு இருந்தது என்று சொல்ல முடியும்? செயலை முடிவுசெய்ய உணர்வைத் தேடினார் அவர். உணர்வை உறுதிசெய்வதோ செயலாக இருந்தது.

யோசனை கேட்பதும் இதிலிருந்து தப்பும் வழியாகாது. பாதிரியாரிடம் போவதா, எதிர்ப்பியக்கத்தவரிடம் போவதா என்று முடிவுசெய்யும்போதே, எத்தகைய பதில் வேண்டும் என்பதையும் பாதி முடிவுசெய்துவிடுகிறோம். சார்த்தர் தந்த பதில், நீ சுதந்திரமானவன், நீயே தெரிவு செய் என்பதுதான். இது கைகழுவும் பதில் என்று பலர் குறை சொல்லியிருக்கிறார்கள். நான் அப்படிக் கருதவில்லை. அந்த மாணவரிடம் தகவல் குறைவாக இல்லை. தன்னைப் பற்றிய அறிவும் குறைவாக இல்லை. இன்னும் ஆழமாக உள்ளே தேடியிருந்தால் விடை கிடைத்திருக்கும் என்பதும் இல்லை. எடுக்கப்படாத முடிவை எங்கே தேடினாலும் அது கிடைக்காது.

2. குறிக்கோள்தான் காரணங்களுக்கு எடை தருகிறது

‘அப்படியானால் தெரிவு என்பது மனம்போன போக்கா? காரணங்களுக்கு மதிப்பே இல்லையா?’ என்ற மறுப்பு உடனே எழும். 1943இல் வெளிவந்த ‘இருப்பும் இன்மையும்’ நூலில் சார்த்தர் இதற்கு விரிவாகப் பதில் சொல்கிறார்.

ஒரு செங்குத்துப் பாறையை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஏற முடியாதது என்கிறோம். யாருக்கு? ஏற நினைப்பவருக்கு மட்டுமே. கீழே நின்று நிலக்காட்சியைப் பார்க்க வந்தவருக்கு அது ஏறக்கூடியதும் இல்லை, ஏற முடியாததும் இல்லை. அழகானது அல்லது அழகற்றது, அவ்வளவுதான். பாறையின் கடினம் கற்பனையில்லை. சார்த்தரும் அப்படிச் சொல்லவில்லை. அது தடையாகத் தோன்றுவது ஒரு குறிக்கோளின் வெளிச்சத்தில்தான் என்கிறார்.

அதே நூலில் இன்னோர் எடுத்துக்காட்டு வருகிறது. நண்பர்களுடன் பல மணி நேரம் நடந்து செல்பவர் ஒருவர் களைத்து, முதுகுப் பையை எறிந்துவிட்டு அதன் அருகே சாய்ந்துவிடுகிறார். அவரை ஒத்த உடல்வலு உள்ள நண்பர்கள் தொடர்ந்து நடக்கிறார்கள். அவர்களுக்கும் களைப்பு உண்டு. அவர்களில் ஒருவர் அந்தக் களைப்பை மலையோடும் வெயிலோடும் தன்னைப் பிணைக்கும் அனுபவமாக ஏற்றுக்கொள்கிறார். நின்றுவிட்டவரோ அதைத் தாங்க முடியாததாக வாழ்கிறார். அவரால் வேறுவிதமாக நடந்துகொள்ள முடிந்திருக்காதா? முடிந்திருக்கும், ஆனால் என்ன விலை கொடுத்து என்பதுதான் கேள்வி என்கிறார் சார்த்தர். உடலோடும் உலகோடும் அவர் கொண்டுள்ள உறவு முழுவதும் மாறியிருந்தால்தான் அவர் இன்னும் சில அடிகள் நடந்திருப்பார்.

தராசில் காரணங்களை வைத்து நிறுப்பதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். எந்தக் காரணத்துக்கு எவ்வளவு எடை என்பதை முன்பே நம் அடிப்படைத் தெரிவு தீர்மானித்திருக்கிறது. ஆய்ந்து பார்ப்பது வீண் என்பது இதன் பொருளன்று. ஆய்வின் முடிவில் வரும் பட்டியலைக் காட்டி, ‘இதுதான் என்னை இப்படிச் செய்யவைத்தது’ என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது என்பதே பொருள்.

3. நேற்றைய தீர்மானம் இன்றும் எடுக்கப்பட வேண்டும்

தெரிவு ஒருமுறை செய்து முடித்துவிடும் காரியமா? சார்த்தர் ஒரு சூதாடியைக் காட்டுகிறார். இனி ஆடமாட்டேன் என்று அவர் நேற்று மனமார முடிவெடுத்தவர். இன்று ஆட்ட மேசையின் அருகே வருகிறார். நேற்றைய முடிவு தன்னைத் தடுத்து நிறுத்தும் என்று எதிர்பார்க்கிறார். அது நினைவில் இருக்கிறது, அதன் காரணங்கள் எல்லாம் இருக்கின்றன, ஆனால் அது அவர் கையைப் பிடிக்கவில்லை. குடும்பத்தின் துயரத்தை மீண்டும் உணர்ந்து, முடிவை முதலிலிருந்து மீண்டும் எடுத்தால் மட்டுமே அதற்கு வலிமை உண்டு.

இந்த உண்மையைச் சார்த்தருக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே தொட்டவர் டென்மார்க்கைச் சேர்ந்த சோரென் கீர்க்ககார். 1844இல் எழுதிய நூலில், மனப்பதற்றத்தைச் சுதந்திரத்தின் தலைசுற்றலாக அவர் விளக்கினார். ஆழத்தை எட்டிப் பார்ப்பவருக்குத் தலைசுற்றுவது பள்ளத்தால் மட்டுமல்ல, பார்ப்பவரின் கண்ணாலும்தான். அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்த ‘இது அல்லது அது’ நூலில் நீதிபதி வில்லியம் என்ற பாத்திரத்தின் வழியாக, மணவாழ்வின் அன்பைப் பேசுகிறார். காதல் கதைகள் திருமணத்தோடு முடிந்துவிடுகின்றன. மணவாழ்வின் அன்போ அங்கேதான் தொடங்குகிறது. நாள்தோறும் புதுப்பிக்கப்படுவதால் மட்டுமே அது நிலைக்கிறது என்பது அந்த நீதிபதியின் வாதம். இதை எழுதியவர் ரெகினே ஓல்சனுடன் செய்துகொண்ட மண ஒப்பந்தத்தை 1841இல் முறித்துக்கொண்டவர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தெரிவின் எடையை அவர் ஏட்டறிவாக எழுதவில்லை.

கீர்க்ககார் ஆழ்ந்த கிறித்தவர். சார்த்தர் கடவுளை மறுத்தவர். இந்த இடத்தில் இருவரும் ஒன்றுபடுகிறார்கள். ஒரு விருப்பம் என்னுடையது என்று சொல்வதற்கு, அது முன்பு ஒருநாள் எனக்குள் எழுந்தது என்பது போதாது. இன்று அதை நான் மீண்டும் ஏற்கிறேனா என்பதே கேள்வி. இதில் அச்சம் உண்டு, நம்பிக்கையும் உண்டு. நல்ல தீர்மானம் தானாக நிலைத்திருக்காது என்றால், தவறான வாழ்வும் தானாகத் தொடரவேண்டிய கட்டாயம் இல்லை.

4. எட்டிய குறிக்கோள் புறப்படும் இடமாகிறது

இனிக் குறிக்கோளுக்கு வருகிறேன். பிரெஞ்சுத் தத்துவவாதி சிமோன் தெ பொவ்வார் 1944இல் வெளியிட்ட முதல் தத்துவக் கட்டுரை நூலின் பெயர் ‘பிர்ரஸும் சீனியாஸும்’. பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் சொன்ன பழைய உரையாடல் ஒன்றிலிருந்து அது தொடங்குகிறது. எப்பிரஸ் நாட்டு மன்னன் பிர்ரஸ் படையெடுக்கத் திட்டமிடுகிறான். அவனுடைய ஆலோசகர் சீனியாஸ், அந்த நாட்டை வென்றபின் என்ன என்று கேட்கிறார். அடுத்த நாடு. அதன்பின்? அதற்கடுத்தது. எல்லாவற்றையும் வென்றபின்? ஓய்வாக அமர்ந்திருப்பேன் என்கிறான் மன்னன். அந்த ஓய்வை இப்போதே எடுத்துக்கொள்ள என்ன தடை என்று கேட்கிறார் சீனியாஸ்.

திருக்குறளில் அவாவறுத்தல் என்ற அதிகாரத்தைப் பள்ளியிலேயே அறிந்த நமக்கு, சீனியாஸின் பக்கமே நியாயம் இருப்பதாகத் தோன்றும். ஆனால் பொவ்வார் அவருடைய கேள்வியைத் தட்டிக்கழிக்காமல் எதிர்கொள்கிறார். ஓய்வெடுக்க வீட்டில் அமர்ந்தாலும் பிர்ரஸ் சும்மா இருக்கமாட்டான். வேட்டைக்குப் போவான், சட்டம் இயற்றுவான், வேறொன்றை விரும்புவான். மனிதர் இருக்கும் இடத்தைத் தாண்டிச் சென்றுகொண்டே இருப்பவர். அந்தப் பாய்ச்சலை நிறுத்திவிட்டு வாழ்வது என்று ஒன்றில்லை. அதனால் குறிக்கோள் முடிவில் கிடைக்கும் பரிசு அல்ல. எட்டியவுடன் அது அடுத்த குறிக்கோளுக்குப் புறப்படும் இடமாகிவிடுகிறது. அதுவே அதன் இயல்பு.

பிர்ரஸிடமும் ஒரு பிழை உண்டு. எல்லாம் முடிந்த ஓர் இறுதிநிலை தனக்காகக் காத்திருக்கிறது என்று அவன் நம்பினான். இத்தாலிக்குக் கிமு 280இல் கடல் கடந்து போனவன், கிமு 272இல் ஆர்கோஸ் நகரத் தெருச் சண்டையில் இறந்தான். அவன் சொன்ன ஓய்வு வரவேயில்லை. ‘இதை அடைந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று சொல்லும் ஒவ்வொருவரும் பிர்ரஸின் பிழையைச் செய்கிறார்கள். ‘அடைந்து என்ன ஆகப்போகிறது’ என்று சொல்லும் ஒவ்வொருவரும் சீனியாஸின் பிழையைச் செய்கிறார்கள். குறிக்கோள் தரும் பொருள் அதை நோக்கி நடக்கும் வாழ்வுக்குள்ளேயே இருக்கிறது. வேறு இடத்தில் அதைச் சேமித்து வைக்க முடியாது.

5. குறிக்கோளை வழிபடுவதும் பிறரை மறப்பதும்

1947இல் வந்த ‘இருபொருண்மையின் அறவியல்’ நூலில் பொவ்வார் ஒரு மனிதவகையை வரைகிறார். குறிக்கோளைத் தான் தெரிவு செய்ததை மறந்து, அதை மனிதருக்கு அப்பாற்பட்ட புனிதப் பொருளாக்கிவிடுபவர் அவர். கட்சி, நாடு, நிறுவனம், பதவி, குடும்பப் பெருமை என்று அது எதுவாகவும் இருக்கலாம். தன் சுதந்திரத்தின் பாரத்தை அதன்மேல் இறக்கிவைத்துவிடுவதால் அவருக்கு ஒரு நிம்மதி. அந்தப் புனிதத்தின் பெயரால் மனிதரைப் பலியிடவும் அவர் தயங்கமாட்டார். இது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது. ஏமாற்றுபவரும் ஏமாறுபவரும் ஒருவரே.

மன உறுதி மட்டும் இருந்தால் இதிலிருந்து தப்பிவிடலாமா? இல்லை என்பதற்கு இருத்தலியல் வரலாற்றிலேயே சான்று உண்டு. மார்ட்டின் ஹைடெக்கர் 1927இல் எழுதிய ‘இருப்பும் காலமும்’, ஊரார் செய்வதையே செய்து, ஊரார் விரும்புவதையே விரும்பி வாழும் வாழ்வை மிகக் கூர்மையாகப் படம்பிடித்தது. தன் இறப்பை உணர்ந்து உறுதியுடன் வாழ அது அழைத்தது. அவரே 1933இல் ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்தின் தலைவராகி, நாஜிக் கட்சியில் சேர்ந்தார். எதன்மேல் உறுதி என்ற கேள்வி இல்லாத உறுதி அவரைக் காப்பாற்றவில்லை.

அந்தக் கேள்விக்குப் பொவ்வாரின் விடையே எனக்கு முதன்மையானது. ‘பிர்ரஸும் சீனியாஸும்’ நூலில் அவர் ஒரு சிறுவனைப் பற்றிச் சொல்கிறார். வீட்டுக் காவல்காரியின் பிள்ளை இறந்துபோனதற்காக அழுகிறான் அவன். சிறிது நேரம் பொறுத்த பெற்றோர், பிறகு எரிச்சலுடன், இறந்தது உன் தம்பி இல்லையே என்கிறார்கள். சிறுவன் கண்ணீரைத் துடைத்துக்கொள்கிறான். ஆபத்தான பாடம் இது என்கிறார் பொவ்வார். அந்நியனுக்காக அழுவது வீண் என்றால் தம்பிக்காக மட்டும் ஏன் அழ வேண்டும்? உறவு என்பது முன்பே வரைந்து தரப்பட்ட எல்லைக்கோடு அன்று. நான் அக்கறை கொண்டு கைநீட்டும் தூரம் வரை என் உலகம் விரிகிறது. எது என்னுடையது என்பதையும் நான்தான் ஆக்குகிறேன்.

இதிலிருந்து அவர் இன்னோர் அடி எடுத்துவைக்கிறார். என் குறிக்கோள் எதிர்காலத்துக்குள் நீள்கிறது. நான் எழுதியதை ஒருவர் வாசிக்க வேண்டும். நான் தொடங்கியதை ஒருவர் தொடர வேண்டும். அந்த ஒருவர் சுதந்திரமாக இருந்தால்தான் அவருடைய ஏற்புக்கு மதிப்பு. ஆகவே என் சுதந்திரத்தை நான் உண்மையாக விரும்பினால் பிறருடைய சுதந்திரத்தையும் விரும்பியே ஆக வேண்டும். குறிக்கோளை எடைபோட இருத்தலியல் தரும் அளவுகோல் இதுதான்: அது மற்றவரின் எதிர்காலத்தைத் திறக்கிறதா, அடைக்கிறதா?

6. சூழ்நிலையின் எடை

கடைசியாக, இருத்தலியலின் மேல் சுமத்தப்படும் வலுவான குற்றச்சாட்டுக்கு வருகிறேன். ‘எல்லாரும் சுதந்திரமானவர்கள் என்று சொல்வது வசதியுள்ளவர்களின் தத்துவம் இல்லையா?’ இந்தக் கேள்வியை முதலில் எழுப்பியவர்களில் ஒருவர் பொவ்வாரே. எந்த நிலையிலும் மனிதர் சூழலைத் தாண்டிச் செல்ல முடியும் என்று 1940இல் சார்த்தர் வாதிட்டபோது, அந்தப்புரத்தில் அடைக்கப்பட்ட பெண்ணுக்கு எந்தத் தாண்டல் சாத்தியம் என்று கேட்டதாகத் தம் தன்வரலாற்றில் அவர் எழுதியிருக்கிறார். 1949இல் வந்த ‘இரண்டாம் பாலினம்’ அந்தக் கேள்வியின் விரிவான வடிவம். தேர்ந்தெடுக்க இடம் தராமல் வளர்க்கப்பட்ட பெண் எதை விரும்புகிறாள் என்பதைக்கூட, அவள் வளர்க்கப்பட்ட விதம் வடிவமைக்கிறது என்பதை அந்நூல் காட்டியது.

பிரெஞ்சுத் தத்துவவாதி மோரிஸ் மெர்லோ-போந்தியும் 1945இல் எழுதிய ‘புலனறிவின் நிகழ்வியல்’ நூலின் கடைசி இயலில் இதே திருத்தத்தைச் செய்தார். பல ஆண்டுகள் ஒருவிதமாக வாழ்ந்தவருக்கு, அந்த வாழ்வு படிந்து கெட்டியாகிவிடுகிறது. நாளையே அவர் மாறலாம் என்பது ஏட்டளவில் சரி. நடைமுறையில் அது நிகழ வாய்ப்புக் குறைவு. நம் தெரிவுகள் எப்போதும் ஏற்கெனவே பாதி தரப்பட்ட உலகில்தான் நிகழ்கின்றன.

சார்த்தரும் இதை ஏற்றுக்கொண்டார். 1969இல் தந்த நேர்காணல் ஒன்றில், எந்தச் சூழலிலும் மனிதர் முழுச் சுதந்திரம் உள்ளவர் என்று முன்பு தாம் எழுதியதைக் கண்டு தாமே திகைத்ததாகச் சொன்னார். பிறகு சுதந்திரத்துக்கு அடக்கமான விளக்கம் ஒன்றைத் தந்தார். சமூகம் முழுவதுமாக உருவாக்கிய ஒரு மனிதர், தனக்குத் தரப்பட்டதை அப்படியே திருப்பித் தராமல் செய்துகொள்ளும் சிறு அசைவுதான் சுதந்திரம். இந்த விளக்கம் முந்தையதைவிடச் சிறியது. அதனால்தான் உண்மைக்கு நெருக்கமானது. நாம் விரும்புவதைச் சாதியும் வகுப்பும் பாலினமும் விளம்பரமும் வடிவமைக்கின்றன. வடிவமைக்கப்பட்டதை எப்படி ஏற்கிறோம், எங்கே மறுக்கிறோம் என்பதில்தான் நம் பங்கு இருக்கிறது. அந்தப் பங்கு சிலருக்குக் குறுகலாகவும் சிலருக்கு அகலமாகவும் கிடைப்பது அநீதி. அதை அகலமாக்குவது தனிமனித முயற்சியால் மட்டும் முடியாது. அது அரசியல் கடமை.

முடிவுரை

நண்பர்களே, சொன்னவற்றைத் தொகுத்துக்கொள்கிறேன். விருப்பத்தை உள்ளே தோண்டி எடுக்க முடியாது. காரணங்களுக்கு எடை தருவது நம் குறிக்கோள். எடுத்த முடிவை நாள்தோறும் எடுக்க வேண்டும். எட்டிய இலக்கு வாழ்வை முடித்துவைக்காது. இலக்கின் தரத்தைச் சொல்வது மற்றவரின் சுதந்திரம். இவை அனைத்தும் நமக்கு வாய்த்த சூழ்நிலைக்குள்தான் நிகழ்கின்றன.

இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களில் பலர், ‘எனக்கு என்ன வேண்டும் என்றே எனக்குத் தெரியவில்லை’ என்ற கவலையோடு இருப்பீர்கள். அது குறைபாடு என்று எண்ணாதீர்கள். உங்கள் உண்மை விருப்பம் உள்ளே எங்கோ எழுதப்பட்டிருப்பதாகவும், அதை வாசிக்கத் தெரியாமல் நீங்கள் தவறவிட்டதாகவும் வருந்த வேண்டாம். அப்படி எதுவும் எழுதப்படவில்லை. ஒரு வேலையை எடுத்து, அதற்கு உங்கள் நேரத்தையும் பெயரையும் கொடுத்துச் செய்யுங்கள். அது உங்களுடைய விருப்பமாக வளர்கிறதா, உங்களைச் சுற்றி இருப்பவரின் வாழ்வைத் திறக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மாற்றிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு.

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளுக்காக நாமே தெரிவு செய்துவிட்டு, அதை அவர்களுடைய விருப்பம் என்று பெயரிட வேண்டாம். அவர்கள் தெரிவு செய்யவும், தவறவும், மீண்டும் தெரிவு செய்யவும் காலமும் பொருளும் இடமும் கொடுப்பதே நம் வேலை. அதைச் செய்யாமல் சுதந்திரத்தைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றுவதில் பயனில்லை.